நிலைப்பேழையும் நிலையாமையும்

திருக்குறளிலே நிலையாமை என்பது 34ஆம் அதிகாரம். முப்பது ஆண்டுகளாக அதனை மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். செல்வத்தின் நிலையாமையையும் யாக்கையின் நிலையாமையையும் வேறு வேறாக வகுத்து, உரையாசிரியர் கருத்துக்களை ஒப்பு நோக்கி விளக்குவதில் எனக்கு ஒரு தனி விருப்பமுண்டு. ஆயினும், அவ்வதிகாரத்துக்குரிய உரைநூல்களெல்லாம் அடுக்கி வைத்திருந்த என் வீட்டு அலுமாரியே நிலையாதது என்பதை மட்டும் யான் அறிந்திலேன். 2024ஆம் ஆண்டு நவராத்திரிக் காலத்தில், ஐந்து வயது நிரம்பாத என் பேர்த்தி அதனை எனக்கு அறிவித்தாள்.

இலக்கியம் பேசும் இப்பகுதியிலே ஆணியையும் திருகாணியையும் பேசுதல் முறையாமோ என வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால், இப்பகுதியைப் படிப்போர் வீடுகளிலேதான் உயர்ந்த புத்தக அலுமாரிகள் நிற்கின்றன. நூலில்லாதவன் வீட்டில் நூலலுமாரி விழுவதில்லை. கற்றார்க்கே உரிய ஆபத்தொன்று இருக்குமாயின், அதனைக் கற்றார் கூடும் இடத்திலேயன்றி வேறெங்குப் பேசுவது?

நடந்தது

விறாந்தையை அடுத்த அறையிலே, சுவரோரமாக அந்த அலுமாரி நின்றது. உயரம் ஏழடி, அகலம் மூன்றடி, ஆழம் பத்தங்குலம், தட்டுகள் ஆறு. 2003ஆம் ஆண்டிலே செய்வித்தது. தட்டுகளுக்கு முதிரைப் பலகை இட்ட யான், செலவு கருதி அடிச்சட்டத்துக்கும் கால்களுக்கும் மலிவான மரம் போதுமென்றேன். கண்ணிற் படாத இடத்திலே சிக்கனம் பிடிப்பது நம்மவர் இயல்பு.

மேலிரு தட்டுகளிலும் கனத்த நூல்கள் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, 1939இல் அநுபந்தமும் சேர்த்த தமிழ் லெக்சிக்கன் அங்கே இருந்தது. அதன் பக்கத்திலே, 1954க்கும் 1968க்கும் இடையிலே பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம். இவற்றை ஏன் மேலே வைத்தீர் என ஒருவர் வினவினால், அடிக்கடி எடுக்க வேண்டாதவை என்று விடை சொல்லுவேன். அது பாதி உண்மை. வீட்டுக்கு வருவோர் வாயிலில் நின்று நோக்கும்போது முதலிற் கண்ணிற் படுவன மேற்றட்டு நூல்களே என்பது மறு பாதி.

சரசுவதி பூசைக்காக நூல்களை எடுத்துக் கும்பத்தின் முன் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கைக்கெட்டிய கீழ் நான்கு தட்டுகளிலும் இருந்தவற்றை எடுத்துச் சென்று அடுக்கினேன். மேலுள்ளவற்றை எடுக்க ஏணி வேண்டும். கலைமகள் அவற்றை இருந்த இடத்திலேயே ஏற்றுக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். அலுமாரியின் கீழ்ப்பகுதி வெறுமையாயிற்று. மேற்பகுதி முன்போலவே கனத்திருந்தது.

மேற்றட்டில் வேறொன்றும் இருந்தது. பேர்த்தியின் கைக்கெட்டாதிருக்கட்டும் என்று யானே ஒளித்து வைத்த கற்கண்டுப் போத்தல் அது. கீழ்த்தட்டுகள் வெறுமையானதும் அவை அவளுக்குப் படிக்கட்டுகளாயின. யான் பூசையறையிலே பூவை வகைப்படுத்திக்கொண்டிருந்தேன். பெருஞ் சத்தமொன்று கேட்டது. ஓடிச் சென்று பார்த்தபோது அலுமாரி முன்னே சரிந்து, எதிரிலிருந்த என் எழுத்து மேசையின் விளிம்பிலே தாங்கி நின்றது. மேற்றட்டு நூல்களெல்லாம் மேசைக்கு அப்பாற் சிதறிக் கிடந்தன. குழந்தையைக் காணவில்லை.

மேசைக்கும் சுவருக்கும் இடையே, சரிந்த அலுமாரி கூரைபோல் மூடிய சிறு வெளியிலே அவள் குந்தியிருந்தாள். இடக்கையிலே ஒரு சிராய்ப்பு, வேறு காயமில்லை. அவளை வெளியே எடுத்தபோது அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, “அம்மப்பா, நான் ஒண்டும் செய்யேல்லை” என்றாள்.

அந்த மேசை அங்கே இருந்தது என் அறிவினால் அன்று. வேறிடத்தில் வைக்கும்படி என் மனைவி பலமுறை சொல்லியும் சோம்பலினால் விட்டிருந்தேன்.

விழுதலின் கணக்கு

அலுமாரியை நிமிர்த்தித் திருத்துவதற்கு, ஊரிலே தச்சுத் தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். இலக்கண வகுப்பிலே ஆகுபெயரும் அன்மொழித்தொகையும் அவரைப் பெரிதும் வருத்தின. அவற்றினால் யான் அவரை வருத்தியதும் உண்டு. அவர் முழந்தாளிட்டு அலுமாரியின் அடியை நோக்கினார். முன்னங்கால் ஒன்றைப் பெருவிரலால் அழுத்தினார். அது புற்றுமண்போல் உதிர்ந்தது. வெளியே நிறப்பூச்சு மட்டும் இருக்க, உள்ளேயிருந்த மரத்தைக் கறையான் தின்று முடித்திருந்தது.

பின்பு நீர்மட்டக் கருவியைத் தரையில் வைத்துப் பார்த்தார். அறையைக் கழுவும் நீர் வாயிலை நோக்கி ஓடவேண்டும் என்பதற்காக, வீடு கட்டிய மேசன் தரையை ஆறடிக்கு ஒன்றரையங்குலம் சரித்திருந்தார். நல்ல வேலைதான். ஆனால், அச்சரிவு சுவரிலிருந்து முன்னோக்கியது.

“ஐயா, கோவிக்கக் கூடாது. இது இவ்வளவு காலம் நிண்டதுதான் அதிசயம்” என்றார்.

“அப்படியென்றால் விளங்கச் சொல்லும், தம்பி” என்றேன்.

அவர் சொல்லியதையும், அதன்பின் தாளும் எழுதுகோலும் கொண்டு யான் கணித்ததையும் சுருங்கக் கூறுகிறேன். ஒரு பொருளின் முழுப் பாரமும் கூடியிருப்பதாகக் கொள்ளத்தக்க நடுவிடம் ஒன்றுண்டு. அந்நடுவிடம் பொருளின் அடித்தளத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை பொருள் நிற்கும். முன்விளிம்பைக் கடந்து வெளியே வந்தால் விழும். சீராக நூல் நிரப்பிய அலுமாரியிலே அந்நடுவிடம் பாதி உயரத்திலும் பாதி ஆழத்திலும் அமையும். ஆதலின், அலுமாரியின் ஆழம் எவ்வளவோ, மேல்விளிம்பு ஏறத்தாழ அவ்வளவு முன்வந்தால் அது கவிழும். என் அலுமாரிக்கு அந்த அளவு பத்தங்குலம். ஏழடி உயரமுள்ள பொருளுக்குப் பத்தங்குலந்தான் உயிர்ப்பிடி என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது சீராக நிரப்பிய நிலையில். பூசைநாளிலோ கீழே வெறுமை, மேலே கனம். நூல்களை நிறுத்துப் பார்த்தோம். தட்டிலே நெருங்க அடுக்கிய நூல்கள் ஓரடி நீளத்துக்கு ஏறத்தாழ 9 கிலோ. லெக்சிக்கன் இருந்த தட்டிலே அதனினும் சற்று மிகுதி. எனவே மேலிரு தட்டுகளில் மட்டும் 60 கிலோ அளவில் இருந்தது. மரத்தின் பாரம் 40 கிலோ எனக் கொண்டால், பாரத்தின் நடுவிடம் உயரத்திலே பத்தில் ஏழு பங்குக்கு ஏறிவிடுகிறது. அப்பொழுது மேல்விளிம்பு ஏழங்குலம் முன்வந்தாற் போதும்.

அவ்வேழங்குலத்தில், தரையின் சரிவினால் ஒன்றே முக்கால் அங்குலம் முன்னரே செலவாகியிருந்தது. குழந்தை ஏறியபோது, உக்கிய முன்னங்கால் அரையங்குலம் நொறுங்கி அமிழ்ந்தது. அடியிலே அரையங்குலம் அமிழ்ந்தால் மேல்விளிம்பிலே அது நாலங்குலத்துக்கு மேலாகும். எஞ்சியது ஓரங்குலம். அதைக் கொடுப்பதற்கு ஒரு குழந்தையின் பாரம் தாராளமாகப் போதும்.

இக்கணக்கிலே கவனிக்கத்தக்க இன்னொன்றுண்டு. ஆறு தட்டும் நிறைந்த அலுமாரி, மரத்தோடு சேர்ந்து 200 கிலோ அளவில் இருக்கும். அதனை அசைப்பது எளிதன்று. அதன் அசையாமையைக் கண்டே நாம் நம்பிக்கை கொள்கிறோம். ஆனால், வெள்ளையடிக்கும் நாள், கறையான் பார்க்கும் நாள், வீடு மாறும் நாள், பூசைநாள் ஆகியவற்றிலே அது நிறைந்திராது. எடுப்பதற்கு எளிதான கீழ்த்தட்டு நூல்களையே முதலில் எடுப்போம். ஆண்டு முழுவதும் உறுதியாய் நின்ற பொருள், நாம் அதனைக் கவனியாத ஒரே நாளிலே தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது.

பெயர் வந்த வழி

அலுமாரி என்ற சொல் தமிழன்று என்பதைத் தமிழாசிரியர் அறிவர். ‘அர்மாரியோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. மேசை, கதிரை, யன்னல் என்பனவும் அவ்வழியாகவே நம்மிடம் வந்தன. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரே ஆண்டது 1619 முதல் 1658 வரை. ஆட்சி நீங்கிய பின்னும் அவர்தம் தளபாடங்கள் நம் வீடுகளிலே பெயரோடு நின்றுவிட்டன. அச்சொல்லின் மூலமோ இலத்தீனிலே ‘ஆர்மாரியும்’. படைக்கலம் என்று பொருள்படும் ‘ஆர்மா’ என்னுஞ் சொல்லின் அடியாகப் பிறந்தது. படைக்கலம் முதலியன வைக்கும் பேழைக்கு வழங்கிய பெயர் பின்னர் நூற்பேழைக்கும் ஆயிற்று. ஐரோப்பியத் துறவியர் மடங்களிலே நூல்களைப் பாதுகாத்தவர்க்கு ‘ஆர்மாரியுஸ்’ என்பதே பதவிப் பெயர். எனது அலுமாரி மேசைமேல் விழுந்து கிடந்த காட்சியைக் கண்டபோது, மூலப்பொருளை அது இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

நம் முன்னோர்க்கு இவ்வாபத்து இருந்ததில்லை. ஏட்டுச்சுவடி நெடுக நிறுத்தி வைக்கும் பொருளன்று. இரு சட்டங்களுக்கிடையே ஏடுகளை வைத்து, துளையிலே கயிறு கோத்துக் கட்டி, பெட்டியிலே கிடத்தினர். அல்லது உறிபோன்ற தூக்கிலே தொங்கவிட்டனர். தொங்குவது முன்னரே மேலே பிணிக்கப்பட்டிருப்பதாகலின், கவிழ்தல் என்பது அதற்கில்லை. அச்சுநூல் வந்த பின்னரே நூலை நிமிர்த்தி நிறுத்தும் வழக்கம் நம் வீடுகளிலே பரவிற்று. நிறுத்தக் கற்ற நாம், பிணிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டோம். அலுமாரிக்கு நிலைப்பேழை எனத் தமிழாக்கஞ் செய்தோர் அதற்கு நல்ல பெயரே வைத்தனர். பெயருக்கேற்ற நிலையைக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

இக்காலத்து நம் வீடுகளில் நூல் குவிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995இல் ஊரே இடம்பெயர்ந்தபோது தனியார் சேமிப்புகள் பலவும் அழிந்தன. அவற்றைக் கண்டவர்கள் நூலொன்றைக் கண்டால் விடமாட்டார்கள். கிழிந்ததையும் வாங்குவர், இருபடி உள்ளதையும் வாங்குவர். தரையில் இடம் போதாதபோது அலுமாரி மேல்நோக்கி வளர்கிறது. இழந்ததை மீட்கும் ஆசையே நம் அலுமாரிகளின் உயரம். அவ்வாசையை யான் குறை கூறேன். அவ்வுயரத்துக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இரண்டு கதைகள்

நூல் விழுந்து இறந்தவர் என உலகம் இருவரைக் குறிப்பிடுவதுண்டு. ஒருவர் பஸ்றா நகரத்து அரபு அறிஞர் அல்-ஜாஹிஸ். உயிரினங்களைப் பற்றிய பெருநூல் முதலாகப் பல நூல்களை இயற்றியவர். புத்தகக் கடைகளை இரவிலே வாடகைக்கு எடுத்து, விடியும்வரை படித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லுவர். கி.பி. 868, 869 அளவில், தொண்ணூறு வயதைக் கடந்த முதுமையிலே, உடலின் ஒரு பாகம் செயலற்றிருந்த நிலையில், தம்மைச் சுற்றி அடுக்கியிருந்த நூல்கள் சரிந்து விழ அவர் இறந்தார் என்பது வழிவழி வந்த கதை. மெய்யோ புனைவோ, அவர் வாழ்க்கையை அறிந்தோர்க்கு அது பொருந்தாத முடிவாகத் தோன்றவில்லை. அதனாலேயே நிலைத்தது போலும்.

மற்றவர் பாரிசிலே வாழ்ந்த இசையறிஞர் அல்கான். 1813இற் பிறந்து 1888 மார்ச் மாதம் 29ஆந் திகதி இறந்தவர். அலுமாரியின் மேற்றட்டிலிருந்த யூதர் சமயநூலாகிய தல்மூதை எட்டி எடுக்க முயன்றபோது அலுமாரி கவிழ்ந்து அவரை நசுக்கியது என்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அதனை மறுத்தனர். அக்காலக் கடிதமொன்றின்படி, சமையலறையிலே குடை முதலியன மாட்டும் கனத்த தாங்கியொன்றின் கீழ் அவர் கிடக்கக் காணப்பட்டார். மயங்கி வீழ்கையில் அதனைப் பற்றியிருக்கலாம் என்பது கருத்து. கதை நூலைப் பற்றிப் பொய்யுரைத்தாலும் தளபாடத்தைப் பற்றி மெய்யுரைத்தது. பிணிக்கப்படாது உயர்ந்து நிற்கும் பொருள், தன்னைப் பற்றியவனைத் தாங்காது, அவன்மேலேயே வீழும்.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். போஸ்டர் 1910இல் வெளியிட்ட ‘ஹவார்ட்ஸ் எண்ட்’ என்னும் நாவலிலும், கல்விமேல் ஏக்கங்கொண்ட ஓர் ஏழை எழுதுவினைஞன் இறக்கும் வேளையிலே நூலலுமாரியைப் பற்ற, நூல்கள் அவன்மேற் சொரிகின்றன. கற்றோர் மனத்திலே இவ்வச்சம் பழைமையானது. ஆயினும் கதையாக்கி இரசித்தோமேயன்றித் திருகாணி வாங்கினோமில்லை.

யப்பானியர் கற்ற பாடம்

திருகாணி வாங்கியவர்கள் யப்பானியர். 1995 சனவரி 17ஆந் திகதி காலை 5.46 மணிக்குக் கோபே நகரையும் அயலையும் நிலநடுக்கம் தாக்கிற்று. இறந்தோர் 6,434 பேர். விடியுமுன் நிகழ்ந்ததாதலின் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தனர். வீடுகள் இடிந்தும், தளபாடங்கள் கவிழ்ந்தும் மக்கள் நசுங்கினர். அதன்பின் அலுமாரியைச் சுவரோடு பிணித்தல் அங்கே வீட்டுக் கடமைகளுள் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது. அண்மைக்கால நிலநடுக்கங்களிலே காயமுற்றோரில் 30 முதல் 50 வீதமானோர் வீழ்ந்த, நகர்ந்த தளபாடங்களினாலேயே காயமுற்றனர் என்று தோக்கியோ தீயணைப்புத் துறையினர் எடுத்துக் கூறி வருகின்றனர்.

நமது நாட்டிலே பெரு நிலநடுக்கம் அரிது என்பர். உண்மை. ஆனால் குழந்தைகள் அரியரல்லர். நிலம் அசையாத நாடுகளிலே அலுமாரியை அசைப்பவர் குழந்தைகளே. அமெரிக்காவிலே 2016ஆம் ஆண்டு, உலகப் புகழ்பெற்ற தளபாட நிறுவனமொன்று, சிறுவர்மேற் கவிழ்ந்து உயிர் போக்கிய இழுப்பறைப் பெட்டிகளின் பொருட்டு, ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் பெட்டிகளை மீளப் பெற நேர்ந்தது. பிள்ளையிழந்த பெற்றோர் இடைவிடாது முயன்றதனால், இத்தகைய பெட்டிகள் கவிழாதிருத்தற்கான சட்டம் 2022 டிசம்பரிலே அங்கே நிறைவேறிற்று. அச்சட்டம் ஆடை வைக்கும் பெட்டிகளையே கருதியது. நூலலுமாரிக்கு அது காவலன்று. நூலலுமாரிக்குக் காவல் வீட்டுடையவனே.

பிணிக்கும் முறை

இனி, என் மாணவர் செய்து காட்டியதைச் சொல்லுகிறேன்.

முதலில் அலுமாரியின் அடியைச் செப்பஞ் செய்தார். உக்கிய கால்களை அகற்றி வைரமரத்துண்டுகளை வைத்தார். முன்விளிம்பின்கீழே மெல்லிய ஆப்புகளை இறுக்கி, அலுமாரி சுவரை நோக்கி மயிரிழை சாயுமாறு நிறுத்தினார். தரையின் சரிவை இவ்வாறு முறியடித்தல் வேண்டும்.

அடுத்து, ஒரு பக்கம் கிடையாகவும் மறுபக்கம் நேராகவும் மடிந்த இரும்பு மூலைத்தகடுகள் இரண்டை எடுத்தார். அலுமாரியின் மேற்புறத்திலே, இரு அந்தங்களுக்கும் அண்மையாக அவற்றை வைத்தார். ஒன்று போதாதோ என்றேன். ஒன்றாயின் அலுமாரி அதனைச் சுற்றித் திரும்பும், இரண்டாயின் திரும்பாது என்றார். தகட்டை அலுமாரியின் கனத்த மேற்சட்டத்திலே பூட்டவேண்டும். முதுகுப்புறத்து மெல்லிய ஒட்டுப்பலகையிலே பூட்டினால், விழும்போது அலுமாரி முன்னே வரும். முதுகு மட்டும் சுவரிலே நிற்கும்.

சுவரிலே வெறும் ஆணி அறைதல் பயனில்லை. கல்லைத் துளைக்கும் அலகினாலே துளையிட்டு, துளையிலுள்ள தூளை ஊதி அகற்றி, பிளாத்திக்கு உறையைச் செருகி, அதனுள்ளே திருகாணியை முறுக்கவேண்டும். திருகாணி ஏற ஏற உறை விரிந்து கல்லை இறுகப் பற்றுகிறது. இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று. சுவரின் மேற்பூச்சு அரையங்குலம் முதல் முக்காலங்குலம் வரை இருக்கும். குறுகிய திருகாணி அப்பூச்சோடு நின்றுவிடும். பாரம் வந்ததும் பூச்சோடு கழன்று வரும். பூச்சைக் கடந்து கல்லினுள்ளே ஒன்றரை அங்குலமாயினும் செல்லுமாறு, இரண்டரையங்குலத்துக்குக் குறையாத திருகாணி வேண்டும்.

சுவரின் தன்மையையும் அறிதல் வேண்டும். பழைய வீடுகளின் சுண்ணாம்புக்கற் சுவரிலே கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து காலத்தால் மாவாகியிருக்கும். துளை அங்கே அமையாது கல்லிலேயே அமைதல் நன்று. வெளிவரும் தூளின் நிறமும் துளைக்கருவியின் ஒலியுமே அதனைச் சொல்லிவிடும். நடுவே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லாயின் சாதாரண உறை பற்றாது. உட்சென்று பின்புறத்தே விரிந்து பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும். பலகைத் தடுப்பாயின் அதன் உள்ளே நிற்கும் மரச்சட்டத்திலேயே பூட்டவேண்டும். மின் ஆளிக்கு நேர் மேலும் கீழும் துளையிடுதல் ஒருபோதும் ஆகாது. கம்பி அவ்வழியே செல்லும்.

நமக்குரிய வேறொரு சிக்கல் மாரிகால ஈரம். அலுமாரியைச் சுவரோடு முற்றாக ஒட்டினால் நூல்களிலே பூஞ்சணம் பிடிக்கும். கறையானும் மறைவாக ஏறும். ஓரங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு வரும் இடத்திலே மட்டும் அவ்விடைவெளிக்குச் சரியான மரத்துண்டை வைத்து இறுக்கினார். காற்றும் புகும், பிடிப்பும் தளராது. மாரிக்கு முன் ஆண்டுதோறும் ஒருமுறை கால்களையும் திருகாணிகளையும் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.

வேலை முடிய ஒரு மணி நேரம் ஆகவில்லை. செலவு ஒரு நல்ல நூலின் விலையிலுங் குறைவு. “இந்தச் சின்னத் தகடு இருநூறு கிலோவைத் தாங்குமோ, தம்பி?” என்று வினவினேன். அவர் சிரித்தார். “தாங்கத் தேவையில்லை ஐயா. விழத் தொடங்க விடாமல் பிடிச்சால் போதும்” என்றார்.

அவ்விடையை யான் பன்முறை எண்ணியதுண்டு. பாரத்தைத் தரை தாங்குகிறது. மேல்விளிம்பைப் பிடித்து நிறுத்தச் சில கிலோ இழுவிசையே வேண்டும். சரியத் தொடங்கியபின்னோ இரு ஆடவர் கூடினும் தடுத்தல் அரிது. மாணவரைத் திருத்தும் தொழிலில் இதனை யான் அறிந்திருந்தேன், அலுமாரியிலே அறியவில்லை.

தகட்டினால் ஆகாதவை சில. கனத்த நூல்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கவேண்டும். இனிப்பு, விளையாட்டுப் பொருள், தொலைபேசி முதலாகக் குழந்தை விரும்பும் எதையும் மேலே வைத்தலாகாது. எட்டாத உயரத்தில் வைத்தல் மறைத்தலாகாது, ஏற அழைத்தலேயாகும். படுக்கையின் தலைமாட்டிலும், வெளியேறும் வாயிலின் அருகிலும் உயர்ந்த அலுமாரி வேண்டா. நூல்களை எடுக்கும்போது மேலிருந்து எடுத்துவருக. வைக்கும்போது கீழிருந்து வைத்துவருக. வாடகை வீட்டில் உள்ளோர் உடையவரிடம் சொல்லி அனுமதி பெறுக. இரு சிறு துளைகளைப் பின்னர்ச் சாந்தினால் அடைத்துவிடலாம்.

பாடசாலைகளில்

ஆசிரியர்கள் வீட்டோடு நின்றுவிடலாகாது. நமது பாடசாலைகள் பலவற்றிலே நூலக அறையின் நடுவில் இரும்பு அடுக்குகள் வரிசையாக நிற்கின்றன. அன்பளிப்பாக வந்தவை பல. திறப்பு விழாவிலே நாடா வெட்டினோம்; படம் எடுத்தோம்; அடுக்கைச் சுவரோடு பிணித்தோமா எனப் பார்த்தோமில்லை. நடுவில் நிற்கும் அடுக்குகளுள் முதலாவது விழுந்தால் அடுத்ததும், அதன்மேல் அடுத்ததும் என வரிசை முழுதுமே சாயும். அவற்றின் தலைகளைக் குறுக்கே இரும்புச் சட்டத்தால் இணைத்து, அச்சட்டத்தின் இரு நுனிகளையும் சுவரிலே பூட்டினால் எல்லாம் ஒன்றாய் நிற்கும். மேற்றட்டு நூலுக்காகக் கீழ்த்தட்டில் மிதித்தேறும் மாணவனைக் கண்டித்தல் எளிது. நானும் கண்டித்திருக்கிறேன். அவனுக்கு ஒரு சிறு ஏணியையும் அடுக்குக்கு ஒரு பிடிப்பையும் கொடுத்தபின் கண்டித்தல் முறை.

என் அலுமாரி இப்பொழுது பழைய இடத்திலேயே நிற்கிறது. லெக்சிக்கனும் கலைக்களஞ்சியமும் அடித்தட்டுக்கு இறங்கிவிட்டன. வருவோர் கண்ணுக்கு அவை முதலிற் படுவதில்லை, குனிந்தே எடுக்கவேண்டியிருக்கிறது. அகராதியின் முன்னே பண்டிதன் குனிவதில் இழிவொன்றுமில்லை. கற்கண்டுப் போத்தல் சமையலறைக்குப் போய்விட்டது. மேசையை மனைவி சொன்ன இடத்துக்கு மாற்றிவிட்டேன். அதனை இனி நம்பியிருக்க வேண்டுவதில்லை.

பேர்த்தி வரும்போதெல்லாம் அலுமாரியின் முன் சற்றுத் தயங்கி நிற்கிறாள். அதனைத் தான் விழுத்தியதாக அவள் மனத்திலே ஓர் எண்ணம் இருக்கிறது போலும். ஒருநாள் அவளை இடுப்பில் ஏந்தி, மேலிருந்த இரு தகடுகளையும் தொட்டுப் பார்க்கச் செய்தேன். சரிந்த தரையிலே, உக்கிய காலிலே, கனத்தை மேலேற்றி, கற்கண்டையும் வைத்தவன் யான். அவள் அன்று சொல்லியது முற்றிலும் உண்மை. அவள் ஒன்றும் செய்யவில்லை. செய்யவேண்டியதைச் செய்யாதவன் நான்.

வாசகர் இன்று மாலையே தம் வீட்டு அலுமாரியின் மேல்விளிம்பைப் பற்றி மெல்ல அசைத்துப் பார்ப்பாராக. அசையுமாயின், நாளை காலை திருகாணி வாங்குவாராக.